இரவு இரண்டு முதல் காலை எட்டு வரை

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது 2006-ல். பிஎஸ்என்எல் டேட்டாஒன், 256 கேபிபிஎஸ். மாதம் ஒரு ஜிபி வரைதான் திட்டக் கட்டணம். அதைத் தாண்டினால் எம்பி கணக்கில் பில் ஏறும். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. ஊரே தூங்கும்போது அலாரம் வைத்து எழுந்து, மோடத்தில் பச்சை விளக்கு அசையாமல் எரிகிறதா என்று பார்த்து, டவுன்லோடைத் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன். அம்மா நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து இரண்டு மூன்று நாள் காபி போட்டுக் கொடுத்தாள்.

அப்படி நான் இறக்க முயன்ற முதல் பெரிய சமாச்சாரம் உபுண்டு 6.06, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் ஒரு லினக்ஸ் இயங்குதளம். ஒரு சிடி அளவு, கிட்டத்தட்ட 700 எம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு வேகம் கிடைத்தால் ஆறு மணி நேரத்தில் 690 எம்பி வரும். பத்து எம்பி இடிக்கிறது! அதுவும் முழு வேகம் கிடைத்தால். எங்கள் ஊரில் சாரல் காலத்தில் தொலைபேசிக் கம்பி நனைந்தாலே லைன் விட்டு விட்டு வரும். மூன்று இரவு போராடி, இறங்கிய கோப்பை சிடியில் எழுதிப் போட்டால், பாதி நிறுவலில் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது.

அப்புறம்தான் ஷிப்இட் என்ற இலவச சிடி திட்டம் பற்றித் தெரிந்தது. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். 1999-ல் தன் நிறுவனத்தை விற்றுப் பெரும் பணம் பார்த்து, 2002-ல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய் வந்தவர். 2004-ல் உபுண்டுவின் முதல் பதிப்பு வந்த காலத்திலிருந்தே, கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க இலவசமாக சிடி அனுப்பினார்கள். தபால் செலவும் அவர்களுடையதுதான். இன்டர்நெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது என்பது ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2011 ஏப்ரலில் அதை நிறுத்தும் வரை எத்தனை சிற்றூர்த் தபால்காரர்கள் அந்த உறைகளைச் சுமந்திருப்பார்களோ.

நான் ஆசைப்பட்டுப் பத்து கேட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் பத்தும் வந்தன. அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர், எந்தக் காகிதத்தையும் சந்தேகமாகவே பார்ப்பார். “சும்மா எவன்லே அனுப்புவான்? பின்னாடியே பில் அனுப்புவானா?” என்றார். பில் வராது என்று எவ்வளவு சொல்லியும், ஆறு மாதம் அந்த உறையைப் பத்திரமாக வைத்திருந்தார், வழக்கு வந்தால் காட்டுவதற்கு.

பத்தில் ஒன்று எனக்கு. ஒன்பதை நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தேன். அடுத்த வருடம் சித்தி வீட்டுக்குப் போனபோது அவற்றில் நாலு கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கின. வெயிலில் பளபளவென்று ஆடும்போது கிளி அண்டாதாம். அந்த வகையில் அவை உழைத்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அன்று கோபம். இப்போது யோசித்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை. ‘விண்டோஸுக்கு எட்டாயிரம் ரூபாய், இது இலவசம்’ என்று நான் எல்லாரிடமும் பிரசங்கம் செய்தேன். எங்கள் ஊரில் விண்டோஸுக்கு யாருமே எட்டாயிரம் கொடுத்ததில்லை. அசெம்பிள் கடையில் ‘ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட’ 200 ரூபாய். அந்த 200-க்குள் விண்டோஸ், ஆபிஸ், போட்டோஷாப், ஒரு ஆன்டிவைரஸ், கடைக்காரர் கைவசம் இருக்கும் பாட்டுகள் எல்லாம் அடக்கம். ஏற்கெனவே இலவசமாக இருக்கிற ஒன்றுக்கு மாற்றாக இன்னொரு இலவசத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். வளரும் நாடுகளில் லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருள், அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள், பரவுவதற்கு விலைதான் காரணம் என்று வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். தணிக்கைக்குப் பயப்படும் அரசு அலுவலகத்துக்கும் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பொறுத்தவரை லினக்ஸின் போட்டியாளர் மைக்ரோசாஃப்ட் கிடையாது, அந்த 200 ரூபாய்க் கடைக்காரர்தான். அவரிடம் விலையை விடப் பெரிய ஒரு வசதி இருந்தது. கூப்பிட்டால் டிவிஎஸ் 50-ல் வீட்டுக்கு வருவார்.

என்னைக் கூப்பிட்டு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா மகன் ஒருவர், நான் ஓதியதை நம்பி, தன் கம்ப்யூட்டரில் உபுண்டு போடச் சொன்னார். வட்டைப் பிரிக்கும் திரையில் மூன்று தேர்வுகள் வந்தன. எனக்கு ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. முதலாவதையே அழுத்தினேன். அது முழு வட்டையும் அழித்துவிட்டுப் போடும் தேர்வு. அக்காவின் வளைகாப்புப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. படம் எடுத்தவரிடமும் பிரதி இல்லை. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான். இன்றும் குடும்ப விசேஷங்களில் நான் கேமராவுக்குப் பக்கத்தில் போனால் அக்கா ஒரு பார்வை பார்ப்பாள்.

அன்று எங்கள் ஊரில் இது தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், ‘தம்பி, அதைத் தொடாதே’ என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்து அப்படி ஆட்கள் கூடுகிற அருகிலுள்ள இடம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சென்னை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் பக்கம், வானூர்திப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறை. மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை, சென்னை லினக்ஸ் பயனர் குழு அங்கே கூடும். ஐலக்-சி என்பார்கள். 2007-ல் ஒரு வெள்ளிக்கிழமை பொதிகையில் ஏறினேன். வீட்டில் நேர்முகத் தேர்வு என்று சொல்லியிருந்தேன்.

பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். ஐடி கம்பெனி ஆட்கள், கல்லூரிப் பையன்கள், தலை நரைத்த ஒரு பேராசிரியர். பேச்சு என்னவோ கெர்னல் பற்றி, முக்கால்வாசி புரியவில்லை. இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் நின்றவரிடம் என் பிரச்சினையைச் சொன்னேன். திரை 800-க்கு 600-லேயே நிற்கிறது, எழுத்தெல்லாம் யானை மாதிரி தெரிகிறது, மூன்று மாதமாகத் தேடுகிறேன். அவர் என்ன மானிட்டர், என்ன மதர்போர்டு என்று இரண்டு கேள்வி கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், எந்தப் பகுதியில் மானிட்டரின் அலைவரிசை எல்லைகளைச் சேர்க்க வேண்டும், கெட்டுப்போனால் பழையபடி எப்படித் திரும்ப வேண்டும். நாலாவது வரிதான் முக்கியம் என்று அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டார். ஊருக்கு வந்து அப்படியே செய்தேன். திரை 1024-க்கு 768 ஆனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

அடுத்த வருடம் கோடையில் புனலூருக்குப் போனேன். அத்தை மகளை அங்கே கட்டிக்கொடுத்திருந்தது. எனக்கு மதினி முறை. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது செங்கோட்டை – புனலூர் இன்னும் மீட்டர்கேஜ்தான். ஆரியங்காவு மலையை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி இறங்கும். 2010-ல் அந்தப் பாதையை மூடி அகலப்பாதையாக்கி, 2018-ல்தான் முழுக்கத் திறந்தார்கள்.

மதினிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. அவள் செல்போனில் எஸ்எம்எஸ் திறப்பதற்கே மகனைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணத்தை வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். முக்கோணம் எப்படி நெளிந்தாலும் மூன்று கோணங்களின் கூட்டு 180-ஐ விட்டு அசையவில்லை. கரும்பலகையில் இருபது வருடம் சொன்னதைப் பிள்ளைகள் இப்போதுதான் நம்புகிறார்கள் என்றாள். எனக்கு முக்கோணத்தை விட அந்தத் திரையின் மேலோரத்துப் பட்டைதான் கண்ணில் பட்டது.

“இது லினக்ஸ்லா மதினி?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்கூல்ல இதான்.”

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இரண்டு வருடம் நாயாய் அலைந்திருந்தேன். அவளுக்கு அது லினக்ஸ் என்றே தெரியவில்லை!

கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது. முதலில் அங்கும் விண்டோஸ் பாடத்திட்டம்தான். ஒரே நிறுவனத்தின் பொருளைப் பாடமாக வைப்பதா என்று ஆசிரியர்கள் மத்தியிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அதே 2001-ல்தான், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்திருந்தார், அதனால் வாதத்துக்கு வேண்டிய கருத்துகளும் ஆட்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடக்கத் தொடங்கிவிட்டது. இன்று அந்தத் திட்டம் கைட் என்ற பெயரில் அரசு நிறுவனமாக இருக்கிறது. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பள்ளிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தாங்களே பதிப்பு வெளியிடுகிறார்கள்.

இதை அரசாணையின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. மதினி சொன்ன கதை வேறு. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்தக் கம்பெனிக்காரரும் வரவில்லை. பக்கத்துப் பள்ளியின் இயற்பியல் சார்தான் வந்தார். அவரை மாஸ்டர் டிரெய்னர் ஆக்கியிருந்தார்கள். கோடை விடுமுறையில் பயிற்சி. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை ஐடி பொறுப்பாளராக வைத்திருந்தார்கள். மதினியின் கம்ப்யூட்டர் வகுப்பு நடுவில் உறைந்து போனால், ஸ்டாஃப் ரூமுக்குப் போய் “சாரே, ஒன்னு வரூ” என்றால் போதும். டிவிஎஸ் 50 தேவைப்படாத கடைக்காரர்.

அதுவும் சொர்க்கம் இல்லை. மதினியின் மகன் வீட்டில் கேம் விளையாட திருட்டு விண்டோஸ்தான் வைத்திருந்தான். கூப்பிட்டால் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஆள் இருந்த இடம் வரைக்கும் லினக்ஸ் வேரூன்றியது, அதைத் தாண்டிப் போகவில்லை.

மலைக்கு இந்தப் பக்கம் நாமும் சும்மா இருக்கவில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், 2006-07 வாக்கில், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். மற்றத் துறைகளையும் அந்தப் பக்கம் இழுத்தார். அவர் வேறு பொறுப்புக்குப் போனதும் அந்த வேகம் தணிந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் அடிப்படையில், இந்திய மொழிகளோடு. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. யோசித்துப் பாருங்கள், லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே வீச்சில் லினக்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பயனர் குழுவும் கனவிலும் காணாத எண்ணிக்கை.

அப்போது நான் தென்காசியில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் வருவார்கள். “அண்ணே, ஆன் பண்ணா ரெண்டு கேக்குது, அதுல ஒன்ன எடுத்துவிடுங்க.” எந்த ஒன்று என்று கேட்க வேண்டியதில்லை. நான் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பேன். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், நேரே எதிர்க் கடைக்குப் போய் அழித்துக்கொள்வார்கள். பள்ளியில் அதைத் திறந்து காட்ட ஒருவர் இல்லை, பாடப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்புறம் ஏன் வைத்துக்கொள்வார்கள்? 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கும் எனக்கு மதினியின் இயற்பியல் சார்தான் நினைவுக்கு வந்தார்.

கடல் தாண்டியும் ஒரு சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கை சிதைந்து கிடந்தபோது, கொழும்பில் சில நிரலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்களைத் தேட, முகாம்களைப் பதிய, எந்த உதவி எங்கே போகிறது என்று பார்க்க. பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005-ல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும், யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பேரிடர் நடந்த நாட்டிலேயே எழுதப்பட்டு, அடுத்த நாட்டின் பேரிடருக்கு அப்படியே கைமாறிய மென்பொருள். உரிமக் கட்டணம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லாத இடம் அது.

அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? சுனாமிக்கு முன்பே அங்கே ஆட்கள் கூடியிருந்தார்கள். ஐபிஎம்மில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சஞ்சீவ வீரவரண போன்றவர்கள் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் மூலம் அப்பாச்சி என்ற பன்னாட்டு அமைப்பின் திறமூலத் திட்டங்களுக்கு உள்ளூர் இளைஞர்களை எழுதப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொற்றிக்கொண்டது. மாணவர்கள் திறமூலத் திட்டங்களுக்கு நிரல் எழுத உதவித்தொகை கொடுக்கும் கூகுளின் சம்மர் ஆஃப் கோட் 2005-ல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்கள் தேர்வான பல்கலைக்கழகம் மொறட்டுவை. ஐஐடிகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பின்னால்தான். போன வருடம் தேர்வான அண்ணன் இந்த வருடம் விண்ணப்பிக்கும் தம்பியின் திட்ட வரைவை உட்கார்ந்து திருத்துவான், தம்பி அடுத்த வருடம் இன்னொருவனுக்கு. அங்கே படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: “கன்டீன்ல யாரும் சும்மா இருந்து டீ குடிக்கேலாது மச்சான், ஆரோ ஒருத்தன் புரொபோசலோட வந்திருவான்.”

எனக்கு அப்படி ஒரு கன்டீன் இல்லை. என்னை இழுத்துப் பிடித்தது தமிழ்.

எந்தக் கம்பெனியும் விற்க விரும்பாத ஒன்று வேண்டும் என்றால், அதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் கணினித் தமிழ் இருந்த லட்சணம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றம். ஒரு பத்திரிகையைப் படிக்க ஒரு எழுத்துரு, அடுத்ததற்கு வேறு. எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமாக யூனிகோட் வந்த பிறகும் லினக்ஸ் திரையில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. அதையெல்லாம் வரி வரியாகச் சரிசெய்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத, அல்லது வேறு வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு இரவில் இதைச் செய்த ஆட்கள்.

2009-லிருந்து சில வருடம் நானும் அந்த இரவுக் கூட்டத்தில் இருந்தேன். மென்பொருள் இடைமுகங்களின் சொற்களைத் தமிழாக்குவது. சுலபம் என்று நினைத்துத்தான் போனேன். வட்டில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று காட்டும் ஒரு வரி. ஆங்கிலத்தில் காலிக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல், ‘ஃப்ரீ’. நான் சூழலைப் பார்க்காமல் ‘இலவசம்: 20 ஜிபி’ என்று போட்டுவிட்டேன். அது ஒரு பதிப்பிலும் வெளியாகிவிட்டது. ‘எங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்?’ என்று ஒருவர் மடல் போட்டிருந்தார். இதே சொல்லின் குழப்பத்தில்தான், ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றால் இலவசமா சுதந்திரமா என்று, ஆங்கிலத்தில் நாற்பது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

இன்னொன்று, வாக்கிய வரிசை. பத்துக் கோப்புகளில் மூன்று நகலாகிவிட்டன என்று நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்று முதலில் வரும், பத்து பின்னால். நிரலை எழுதியவர் இரண்டு எண்களையும் அந்த வரிசையிலேயே ஆணியடித்து வைத்திருந்தால், தமிழில் ‘மூன்று கோப்புகளில் பத்து’ என்று வந்து நிற்கும். அதை மாற்றச் சொல்லி ஒரு ஜெர்மன்காரருக்கு நான் எழுதிய ஆங்கிலக் கடிதம்தான் ஒரு பன்னாட்டுத் திட்டத்துக்கு என் முதல் பங்களிப்பு. அனுப்புவதற்கு முன் ஏழெட்டு முறை திருத்தினேன். நிரலுக்குப் பயப்படவில்லை, இலக்கணப் பிழைக்குத்தான் பயம். சிற்றூர்ப் பையன்கள் பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். அவர் அன்றிரவே ‘இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி’ என்று பதில் போட்டார்.

அத்தனையும் செய்து முடித்து அப்பாவுக்குத் தமிழ் இடைமுகத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பழசையே போட்டுருப்பா, அந்த ‘சேவ்’ எங்கன இருக்குன்னு தெரியல” என்றார்.

சரி, இப்போதைய நிலைமை. எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தின் 2023 ஆண்டறிக்கைப்படி இந்தியாவிலிருந்து 1.32 கோடிப் பேர் கணக்கு வைத்திருந்தார்கள். சில வருடங்களில் அமெரிக்காவை முந்திவிடுவோம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பயனர் குழுக்கள் சென்னையோடு நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில், விழுப்புரத்தில் எல்லாம் இருக்கின்றன. கணியம் இணைய இதழ் 2012-லிருந்து தமிழிலேயே இந்த விஷயங்களை எழுதி வருகிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வயலோரம் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார்கள்.

ஆனால் 2020 அக்டோபரும் நடந்தது. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒன்று. அக்டோபர் மாதத்தில் திறமூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். அந்த வருடம் முதல் இரண்டு நாளிலேயே உலகம் முழுக்கத் திட்டங்களை நடத்துகிறவர்கள் கதறிவிட்டார்கள். ‘அருமையான திட்டம்’ என்று விளக்கக் கோப்பின் தலைப்பில் இரண்டு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் திருத்தங்கள். இந்தி யூடியூப் சேனல் ஒன்று செய்முறையை அப்படியே காட்டிக் கொடுத்திருந்தது. மூன்றாம் தேதியே விதியை மாற்றி, விருப்பமுள்ள திட்டங்கள் மட்டும் கலந்துகொண்டால் போதும் என்று ஆக்கினார்கள். சில வருடத்தில் டி-ஷர்ட்டே இல்லை என்றாகிவிட்டது. 2024-ல் எக்ஸ்பிரஸ் என்ற பிரபலமான திட்டத்துக்கு மறுபடியும் இதே கதை. ஒரு பாடக் காணொளியில் உதாரணமாகக் காட்டிய திட்டம் அது. மாணவர்கள் உதாரணத்தை உதாரணம் என்று எடுத்துக்கொள்ளாமல், வரிசையில் நின்று தங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

இதைப் பார்த்து வெளிநாட்டவர்கள் நம்மைக் கேலி செய்தபோது எனக்கு வலித்தது. வலியோடு ஒன்றும் புரிந்தது. இந்தப் பிள்ளைகளும் என்னைப் போலத்தான். திரையில் மூன்று தேர்வு வருகிறது, பக்கத்தில் யாரும் இல்லை, முதலாவதை அழுத்துகிறார்கள். எனக்கு வளைகாப்புப் படங்கள் போயின, இவர்களுக்கு மானம் போயிற்று.

என் கிட்ஹப் பக்கத்துக்கும் அந்த அக்டோபரில் ஒரு திருத்தம் வந்தது. அப்பாவின் பழைய ஊராட்சித் தீர்மானங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை யூனிகோடாக மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதி வைத்திருந்தேன். அதன் விளக்கக் கோப்பில் ‘மிக நல்ல’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு மாணவி அனுப்பியிருந்தாள். மூடிவிடத்தான் கை போனது. என்ன தோன்றியதோ, ‘தங்கச்சி, டி-ஷர்ட்டு கிடைக்காது. ஆனா இந்தக் கருவில ஒரு தப்பு இருக்கு, பாக்கியா?’ என்று தமிழிலேயே எழுதினேன். தமிழில் பதில் போடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். பத்து நிமிடத்தில் ‘சொல்லுங்க அண்ணா’ என்று வந்தது.

தப்பு இதுதான். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ‘ள’ என்ற எழுத்தும் ஒரே வடிவம், ஒரே குறி. அதனால் ‘தெளிவு’ என்று இருப்பதை என் கருவி ‘தௌ’ என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கொக்கியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் முழிக்கும். ‘வெளி’, ‘வெளியூர்’ எல்லாம் இதே கதி. மூன்று இரவு கூகுள் மீட்டில் உட்கார்ந்தோம். ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது எழுத்துத்தான், ஔகாரம் இல்லை என்ற விதியை அவளே கண்டுபிடித்தாள். என் அறுபது வரி ஒன்பது வரியானது. நன்றாகவே எழுதியிருந்தாள். பிறகு இன்னும் இரண்டு திருத்தம் அனுப்பினாள். அடுத்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்தது, ஆள் காணாமல் போய்விட்டாள். குறை சொல்ல மாட்டேன். வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், தம்பியின் படிப்பு என்று இருக்கும்போது, சம்பளமில்லாத இரவு வேலைக்கு யாரால் நேரம் ஒதுக்க முடியும்? இந்திய நிறுவனங்கள் இதற்குக் காசு கொடுக்க இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. 2024-ல் ஸெரோதா வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது பெரிய செய்தியாயிற்று. அந்தப் பணம் பாமினி மாற்றி வரைக்கும் வருமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

போன மாதம் திடீரென்று அவளிடமிருந்து செய்தி. “அண்ணா, அந்த இங்கிலீஷ் கலந்த ஃபைல் பிரச்சினை இன்னும் ஓபன்லதான் இருக்கா?”

இருக்கிறது என்றேன். பாமினி ஆங்கில விசைகளின் மேலேயே தமிழைப் போர்த்திய எழுத்துரு. எழுத்துரு விவரம் இல்லாத வெறும் கோப்பில், எது தமிழ், எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாது. இரண்டையும் தமிழாக்கி வைத்துவிடும். சனிக்கிழமை பார்க்கிறேன் என்றாள். மூன்று சனிக்கிழமை போய்விட்டது. ஆனால் அந்தப் பிரச்சினையின் கீழே ஒரு சோதனைக் கோப்பை ஏற்றியிருக்கிறாள், அப்பாவின் தீர்மானம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது. வட்டார வளர்ச்சி அலுவலரை பிடிஓ என்று ஆங்கில எழுத்திலேயே அடித்திருந்த இடம். கருவி மாற்றிக் கொடுத்தது: “மேற்படி சாலைப் பணியை டீனுழு நேரில் பார்வையிட்டார்.”

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். டீனுழு யார் என்று கேட்டார்.